பெண் உருவம் வரையப் பழகுகிறேன்: தலைக் கணக்கும் அதற்கு அப்பாலும்

பெண் உருவத்தை அளவு பிசகாமல் வரையலாம் என்று உட்காரும் எவருக்கும் முதலில் கிடைப்பது தலைக் கணக்குதான். உச்சியிலிருந்து மோவாய் வரை ஒரு தலை. அதே நீளத்தைக் கீழ்நோக்கி எட்டு முறை அடுக்கினால் ஒரு ஆள். இரண்டாவது தலை முடியும் கோட்டில் முலைக்காம்பு, மூன்றாவதில் தொப்புள், நான்காவதில் தொடைகள் பிரியும் இடம், ஆறாவதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எட்டாவதில் பாதம். நானும் இதில்தான் தொடங்கினேன். நேராக நிற்கும் உருவத்துக்கு இது நன்றாகவே உதவியது.

ஆனால் எட்டு என்பது கம்பீரத்துக்காக நீட்டிய அளவு. நிஜத்தில் பெரும்பாலானவர்கள் ஏழு, ஏழரைத் தலைக்குள்தான் இருப்பார்கள். ஆடை வடிவமைப்புப் படங்களில் ஒன்பதையும் தாண்டும், அதில் பெரும்பகுதி காலுக்குப் போய்விடும். சிற்ப சாஸ்திரத்தின் தாளக் கணக்கை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே அளவுகோல் முக நீளம், அதாவது முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை. அதனால் எண்ணிக்கை தானாகவே கூடும்.

ஏழரைத் தலைக்கு மாறியதும் கோடுகள் எல்லாம் அரை அரையாக நகர்ந்து எரிச்சல் மூட்டின. அதனால் தலையை எண்ணுவதை விட்டுவிட்டுப் பாதியிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். மொத்த உயரத்தைக் குறித்துக்கொண்டு சரிபாதியில் ஒரு கோடு: தொடைகள் பிரியும் இடம் அதை ஒட்டித்தான் வரும். கீழ்ப்பாதியை இரண்டாக்கினால் முழங்காலின் அடிப்பகுதி. மேல்பாதியை இரண்டாக்கினால் மார்பு. தலை எத்தனை என்ற கேள்வியே எழவில்லை. குள்ளமானவர், நெட்டையானவர் யாரை வரைந்தாலும் இந்தப் பாதிக் கோடு பெரிதாக ஏமாற்றாது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் மனித உடலின் அளவுகளைப் பற்றி எழுதிய நூல் 1528இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அதில் அவர் ஒரே ஒரு இலட்சிய உடலோடு நிற்கவில்லை. ஒல்லி, பருமன் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பலவகை அளவுகளைத் தந்தார். ஒரே அட்டவணையை எல்லோர் மேலும் போர்த்துவதை அப்போதே ஒருவர் விட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெம்பாக இருந்தது.

உயரம் ஒருவழியாக அடங்கிய பிறகும் உருவம் பெண்ணாகத் தெரியவில்லை. மார்பையும் இடையின் வளைவையும் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் தோன்றும். நான் கவனித்தவரை வித்தியாசம் எலும்பிலேயே இருக்கிறது. விலாக்கூட்டை ஒரு முட்டையாகவும் இடுப்பெலும்பை ஒரு பெட்டியாகவும் வைத்துப் பழகியபோதுதான் இது புரிந்தது. பெண்ணுக்கு விலாக்கூடு சிறியது, குறுகியது. இடுப்பெலும்பு அதோடு ஒப்பிட்டால் அகலமானது, ஆனால் உயரம் குறைவு. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நீளமாகத் தெரிவதால்தான் இடை ஒடுங்கியதாகத் தோன்றுகிறது. இடுப்பெலும்பு சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். பக்கவாட்டில் வரையும்போது அந்தச் சாய்வைச் சரியாக வைத்துவிட்டால் முதுகின் வளைவும் பின்புறமும் தானாக அமைகின்றன.

இடுப்பின் அதிக அகலம் எங்கே வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பயன்பட்ட விஷயம். கையை ஊன்றி நிற்கிறோமே, அந்த எலும்பு விளிம்பில் அல்ல. அதற்கும் கீழே, தொடை எலும்பின் மேல்முனை வெளியே துருத்தும் மட்டத்தில், கிட்டத்தட்ட பாதிக் கோட்டின் உயரத்தில் வருகிறது. அங்கிருந்து தொடை எலும்பு உள்நோக்கிச் சாய்ந்து முழங்காலுக்கு இறங்கும். இடுப்பு அகலம் என்பதால் பெண்ணுக்கு அந்தச் சாய்வு சற்றுக் கூடுதல். தொடையை நேர்க்குத்தாக இறக்கினால் உருவம் விறைத்துப்போகும். தோள் பக்கம், கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசை மெலிதாக இருப்பதால் கழுத்து நீளமாகத் தெரியும். மார்பகங்களை விலாக்கூட்டின் வளைவின் மேல் உட்கார வைக்க வேண்டும், அப்போது அவை கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கும். பல படங்களில் இரண்டும் நேர் முன்னே பார்ப்பது அந்த வளைவை மறந்ததால்தான்.

கைகளுக்குத் தனி அட்டவணை தேவைப்படவில்லை. தொங்கவிட்ட கையில் முழங்கை இடை மட்டத்திலும், மணிக்கட்டு ஏறக்குறைய பாதிக் கோட்டிலும், விரல்நுனி தொடையின் நடுப்பகுதியிலும் வரும். விரல்களை நீட்டிக் கையை முகத்தில் வைத்தால் மோவாயிலிருந்து நெற்றி வரை மூடும். பாதம் முன்கையின் நீளம். இது நம்பவே முடியாத அளவுக்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் வரைந்து பார்த்தால் அதுதான் சரி.

அப்புறம் நிற்கும் நிலையை மாற்றினேன். ஒரு காலில் எடையைப் போட்டு நின்றால் அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறும், தோள் அதே பக்கம் கீழே இறங்கும். இரண்டு கோடுகளும் எதிரெதிராகச் சாயும். கழுத்துக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டதுபோல் நேர்க்கோடு இறக்கினால் அது எடை தாங்கும் பாதத்தின் மேல் விழ வேண்டும். விழவில்லையென்றால் உருவம் சாய்ந்துவிடும், எத்தனை அழகாக நிழல் போட்டாலும் பயனில்லை. முகத்தைத் தொடுவதற்கு முன் இதை மட்டும் பார்த்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

உட்கார்ந்த நிலையில் தலைக் கணக்கு பாதிதான் உதவும். இருக்கையிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய நான்கு தலை, அவ்வளவுதான். நம்மை நோக்கி நீளும் தொடை எவ்வளவு சுருங்கும் என்று எந்த அட்டவணையும் சொல்லாது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு அளப்பதுதான் வழி. இடுப்பில் ஊன்றிய கைக்கும் இடைக்கும் நடுவே தெரியும் முக்கோணம் போன்ற வெற்றிடத்தை முதலில் வரைவதும் நன்றாக உதவுகிறது. அந்த வடிவத்துக்கு நம் மனதில் பெயர் இல்லை, அதனால் கண் பார்த்ததைக் கை அப்படியே போடுகிறது.

புகைப்படம் பார்த்து வரைபவர்களுக்கு ஒன்று. மொபைலில் கிட்ட நின்று, கண் மட்டத்தில் எடுத்த படத்தில் தலை பெருத்து, கால் குட்டையாகிவிடும். அதை அளந்து வரைந்தால் நம் அளவு சரியாக இருந்தும் படம் தப்பாக வரும். நன்றாகத் தள்ளி நின்று, இடுப்பு உயரத்தில் கேமராவை வைத்து எடுத்த படம்தான் பழகத் தோதானது.

இப்போதைய நிலவரம்: நிற்கும் உருவம் இரண்டு நிமிட போஸில் நம்பும்படி வருகிறது. முடித்ததும் படத்தை மொபைலில் இடவலம் திருப்பிப் பார்த்தால் ஒரு தோள் இன்னும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தலை பக்கத்திலிருந்து பார்த்த படுத்த நிலை மட்டும் பிடிபடவே இல்லை, அங்கே முட்டையும் பெட்டியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. அடுத்த கொஞ்ச நாளைக்கு மனிதர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் பெட்டியை மட்டும் எல்லாக் கோணத்திலும் திருப்பித் திருப்பி வரையப்போகிறேன்.