இளையான்குடிக்குக் கிழக்கே, ஒரு மாதம்

அக்டோபர் 1, 2024, செவ்வாய்

எம்பிபிஎஸ்ஸின் கடைசியில் வரும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி வருடத்தில் கிராமத்துக்கு என்று ஒதுக்கிய நாட்கள் இன்று ஆரம்பம். ஊர்ப் பெயர் வேண்டாம். சிவகங்கை மாவட்டம், இளையான்குடிக்குக் கிழக்கே, வழி முழுக்கச் சீமைக்கருவேலம், நடுநடுவே தண்ணீர் இல்லாத கண்மாய், ஒரு பெட்ரோல் பங்க், இரண்டு புரோட்டாக் கடை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு கட்டில், ஒரு பிரசவ அறை, ஒரு மெடிக்கல் ஆபீசர், மூன்று ஷிப்டுக்கு ஸ்டாஃப் நர்ஸ்கள். எனக்குக் குவார்ட்டர்ஸில் ஒரு அறை. ஃபேன் மூன்றாம் எண்ணுக்கு மேல் வைத்தால் கத்துகிறது, கீழே வைத்தால் சுற்றுவதில்லை.

ஓபியில் உட்கார்ந்த முதல் அரை மணி நேரத்தில் நான்கு பேர் என் முகத்தைப் பார்த்துவிட்டு "பெரிய டாக்டரு வரலையா?" என்று கேட்டார்கள். ஐந்தாவது ஆத்தா கேட்கவில்லை, நேராகப் பக்கத்து மேசைக்கே போய்விட்டார்.

அக்டோபர் 4, வெள்ளி

நாலரை வருடம் படித்ததெல்லாம் ஆங்கிலம். நான் கோயம்புத்தூர்க்காரி. இங்கே வருகிறவர்கள் பேசுவதும் தமிழ்தான், ஆனால் ஓபியில் பாதி நேரம் எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறது. மேலுக்கு முடியலை என்றால் காய்ச்சலாகவும் இருக்கலாம், வெறும் சோர்வாகவும் இருக்கலாம். கை கால் உளைச்சல், கடுப்பு, குத்தல், காந்தல் நான்கும் நான்கு வேறு வலிகள், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொன்னால் அவர்களே திருத்துகிறார்கள். "கடுப்பு இல்ல தாயி, உளைச்சல்னுல்ல சொன்னேன்." நான் இரண்டுக்கும் பாராசிட்டமால்தான் எழுதப்போகிறேன் என்பது வேறு விஷயம்.

அப்புறம் வாய்வு. முதுகில் வாய்வு, விலாவில் வாய்வு, தோளில் வாய்வு. சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தேன். மெடிக்கல் ஆபீசர் சார் எட்டிப் பார்த்து, "அம்பது வயசுக்கு மேல, சுகர் இருக்கு, வாய்வுன்னு சொன்னா முதல்ல ஈசிஜி எடு, அப்புறம் சிரி" என்றார். மாரடைப்பு என்று தெரிந்தால் ஏற்றி அனுப்பும் முன் கொடுக்க வேண்டிய 14 மாத்திரைகளும் (ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8) ஊசி அறை அலமாரியில் தனி டப்பாவில் இருக்கின்றன. இன்றைய வாய்வு வாய்வாகவே முடிந்தது.

ஊசி போடாத டாக்டருக்கு இங்கே மரியாதை கிடையாது. சளிக்கு ஊசி வேண்டாம் என்று ஒரு பாட்டியிடம் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, சின்ன ஊசியாப் போடு" என்றார்.

அக்டோபர் 8, செவ்வாய்

கர்ப்பிணிகள் நாள். காலை ஒன்பதுக்கே வராந்தா பெஞ்சு நிறைந்துவிட்டது. 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை என்பதுதான் இந்தப் பரிசோதனையின் அருமை, வெறும் வயிற்றோடு இரண்டு பஸ் மாறி வரச் சொன்னால் யார் வருவார்கள்? 140-ஐத் தொட்டால் சர்க்கரை. குடித்துவிட்டு எல்லோரும் வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் பத்தாவது நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டாள். நாளைக்கு மறுபடியும் வா என்று சொன்னதும் அவள் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஒரு புதுப் பெண்ணிடம் கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்டேன், விழித்தாள். பீரியட்ஸ் என்றேன், தலையைக் குனிந்துகொண்டாள். சரி, நானும் கற்றுக்கொண்டுவிட்டேன் என்ற நினைப்பில் "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்றேன். "நேத்து, செவ்வாக்கிழம ஆஸ்பத்திரிக்கு வரணும்னு" என்றாள். வராந்தாவே சிரித்தது. கிராம சுகாதார செவிலியர் அக்கா, இருபது வருடமாக இந்த ஊர்களில் நடப்பவர், பக்கத்தில் வந்து மெதுவாக "எப்பத்தா வீட்டுக்குத் தூரமான?" என்றார். உடனே பதில் வந்தது: ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்.

ஆடி 18 இந்த வருடம் ஆகஸ்ட் 3. மறுநாள் 4. ஒன்பது மாதம், ஏழு நாள் கூட்டினால் பிரசவத் தேதி மே 11. ஒன்பது வாரம் இரண்டு நாள் கர்ப்பம். ஸ்கேன் இல்லாமலேயே இவ்வளவு துல்லியமாகத் தேதி சொல்லும் பெண்ணிடம் நான்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 9, புதன்

தடுப்பூசி நாள். 31 குழந்தைகள், அத்தனையும் ஒரே சுருதியில். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குள் இருக்கும் சின்னச் சதுரம், வெப்பம் பட்டால் கறுத்துக்கொண்டே வரும், சுற்றியிருக்கும் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது, இன்றுதான் ஒரு குப்பியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். வேறு எழுதத் தெம்பில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பிபி கருவிக்குச் சந்தனம், எடை மெஷினுக்குக் குங்குமம், ஈசிஜி மெஷினுக்குச் சாமந்திப்பூ. என் ஸ்டெதாஸ்கோப்பையும் வாங்கிப் பொட்டு வைத்துவிட்டார்கள். 108 வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பொரியும் சுண்டலும் தின்றுகொண்டே பார்த்தேன், குளிர்ப்பெட்டிக்கு மட்டும் பொட்டு இல்லை. பார்மசிஸ்ட்டிடம் கேட்டதற்கு, "அது 2-லேருந்து 8 டிகிரிக்குள்ள நின்னாலே போதும், அதுவே நமக்குச் சாமி" என்றார்.

அக்டோபர் 16, புதன்

மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வயலில், ஓபியில் கூட்டம் பாதி. வந்தவர்களில் மூன்று பேர் தேள்கடி. எனக்குத் தேள்கடி என்றாலே, விஷம் இதயத்தைப் பாதித்தால் கொடுக்கும் பிராசோசின் மாத்திரை, பிராசோசின் என்றாலே மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டே அதைக் கண்டுசொன்ன டாக்டர் பவாஸ்கர் ஞாபகம். அவர் கட்டுரை 1986-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதுவும் ஒரு கிராமத்து ஓபிதான். எனக்கு வந்த மூன்று பேருக்கும் கடிவாயில் வலி மட்டும், மரத்துப்போக ஊசி போட்டு, நாலு மணி நேரம் உட்காரவைத்து அனுப்பினேன். ஒருவர் கடிவாயில் சுண்ணாம்பு பூசி வந்திருந்தார், அதைக் கழுவுவதுதான் பெரும்பாடு.

அக்டோபர் 20, ஞாயிறு, இரவு

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். கதவைத் தட்டினார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும், பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். மூன்று மணியிலிருந்து வயிற்றுவலி, ஒரு தடவை வாந்தி. கூட வந்த அம்மா, "ராத்திரி ஏதோ பூச்சிதாம்மா" என்றார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், மெத்தென்றுதான் இருந்தது. நாடி, பிரஷர் சரியாக இருந்தன. வயிற்றுவலி, பூச்சி. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் ஊசி ஒன்று, காலையில் சாப்பிட்ட பிறகு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் என்று சீட்டில் எழுதினேன். ஆமாம், குடற்பூச்சி மாத்திரை. ஆள் தூக்கக் கலக்கத்தில் கண் சொருகிக் கிடந்தார். எனக்கும் தூக்கக் கலக்கம்தான்.

ஊசியை எடுத்துக்கொண்டு போன சிஸ்டர் போடாமல் திரும்பி வந்தார். "டாக்டர், எந்தப் பூச்சின்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. சிஸ்டர் அந்த அம்மாவிடம், "எங்க படுத்திருந்தாப்ல?" என்றார். தரையில், பாய் விரித்து. "மேல ஊருச்சா?" ஏதோ வழுவழுன்னு ஊர்ந்த மாதிரி இருந்துச்சாம், தட்டிவிட்டுட்டுப் படுத்துட்டானாம். கடித்த வலி? இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இருட்டில் பாம்பு என்ற வார்த்தையை இங்கே யாரும் சொல்வதில்லை. சொன்னால் அது வந்துவிடும். பூச்சி என்றுதான் சொல்வார்கள். அந்த அம்மா வந்து நின்ற முதல் நிமிடமே என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டார்ச் அடித்து மேலே பார்க்கச் சொன்னேன். இமை ஏறவில்லை, பாதிக் கண்ணோடு நின்றுவிட்டது. தூக்கமில்லை அது. மூச்சுத் தசைக்குப் பலம் இருக்கிறதா என்று பார்க்க ஒரே மூச்சில் எண்ணச் சொன்னோம், 14 வரை வந்தார். கட்டுவிரியன். எல்லாம் பாடத்தில் இருக்கிறது: ராத்திரி, தரைப் படுக்கை, வலியில்லாத கடி, கடிவாய் கண்ணுக்கே தெரியாது, விடியும்போது வயிற்றுவலி, அப்புறம் இமை. கடைசி வருடப் பரீட்சையில் இதே கேள்விக்கு இரண்டரைப் பக்கம் எழுதியவள் நான்.

சாருக்குப் போன் போட்டேன், சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்து 20 நிமிடம் கழித்துப் பார்த்தோம், உறைந்துவிட்டது. ரத்தத்தைக் கெடுக்கும் விரியன்கள் இல்லை. அதற்குள் விஷமுறிவு மருந்து பத்து குப்பி உடைத்தாயிற்று. பவுடராக இருக்கும், நீர் விட்டு உருட்டி உருட்டித்தான் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். என் கை நடுங்கிய நடுக்கத்தில் அது தானாகவே குலுங்கியது, சிஸ்டர் வாங்கிக்கொண்டார். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலினை ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் ஓடும்படி சலைனில் விட்டோம். அது ஓட ஓட எண்ணச் சொன்னோம். 11. அப்புறம் 9. நியோஸ்டிக்மினும் அட்ரோபினும் போட்டுப் பார்த்தார் சார். நல்ல பாம்பு என்றால் அதில் இமை தூக்கும், கட்டுவிரியனுக்கு நரம்பின் நுனியே போய்விடுவதால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இமை தூக்கவில்லை.

சிவகங்கைக்குப் பேசி வென்டிலேட்டர் உறுதியானதும் 108-ல் நானும் ஏறினேன். ஆயுத பூஜை வாழைக்கன்று இன்னும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அவரால் எச்சில் விழுங்க முடியவில்லை, நெஞ்சு ஏறுவது குறைந்தது, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை எடுத்தோம். டெக்னீஷியன் இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடிக்க, நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, அமுக்கு. ஒன்று, இரண்டு. வேகத்தடை வரும்போதெல்லாம் எண்ணிக்கை தப்பியது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இன்னும் வலிக்கிறது. இதைக் கடுப்பு என்பதா உளைச்சல் என்பதா தெரியவில்லை.

வென்டிலேட்டரில் போட்டுவிட்டார்கள். மருந்து ஏறியதால் நரம்பு தானாகத் தேறி வரும்வரை மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தால் போதும் என்றார் அங்கிருந்த சீனியர்.

அக்டோபர் 21, திங்கள்

சார் நேற்றைய சீட்டைக் கேட்டார். அதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி வைக்கலாமா என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. "ஒத்தக் கோடு போட்டு அடி, பக்கத்துல நேரம் எழுதி இனிஷியல் வை. அடியில இருக்கிறது படிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார், அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிஸ்டரிடம் நன்றி சொல்லப் போனேன். "எங்க ஊர்லயும் அப்படித்தான் டாக்டர் சொல்லுவோம்" என்று சொல்லிவிட்டு ஊசிக் கணக்கு எழுதப் போய்விட்டார்.

அக்டோபர் 24, வியாழன்

சிவகங்கையில் அவருக்கு மூச்சு ட்யூபை எடுத்துவிட்டார்களாம். மதியம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஒரு குழந்தையின் அம்மா "பூச்சித் தொந்தரவு" என்று வந்தார். எந்தப் பூச்சி, எங்கே படுத்திருந்தது, எப்போது என்று நான் ஏழெட்டுக் கேள்வி கேட்க, அவர் பயந்தே போனார். ராத்திரி ஆசனவாயைச் சொறிகிறதாம். அல்பெண்டசோல்.

அக்டோபர் 29, செவ்வாய்

போஸ்டிங்கில் கடைசி வேலை நாள் மாதிரிதான். தீபாவளிக்கு மறுநாள் வேறு துறை. குருபூஜை நாட்கள் என்பதால் சாயங்காலம் பஸ்கள் குறைவு, செவிலியர் அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஊர்களுக்குப் போனேன். தொட்டியில் கொசுப்புழு பார்க்கிற வேலை. ஆறு மணி சுமாருக்கு அந்தக் கட்டுவிரியன் கடித்தவர் வீடு. நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். குரல் இன்னும் கரகரவென்று இருக்கிறது, ட்யூப் போட்டதால். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, அந்த அம்மாதான் "வண்டியில கூட வந்த பாப்பாடா" என்றார். சீட்டில் நான் முதலில் எழுதியதை அவர்களிடம் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, "அதுவும் பூச்சி மாத்திரதானே" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

தரையில் படுக்காதீர்கள், கட்டில் வேண்டும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தால் கொசுவோடு சேர்த்து பாம்... என்று ஆரம்பித்தேன். வெளியே இருட்டிவிட்டது. அந்த அம்மா கையைத் தூக்கியதும் நிறுத்தி, பூச்சியும் வராது என்று முடித்தேன்.

கட்டில் இருக்கிறது. உள் அறையில், நல்ல தேக்குக் கட்டில், அவர் கல்யாணத்துக்கு வந்தது. அதன் மேல் சுவரோரம் வரை முண்டு மிளகாய் வத்தல் மூட்டைகள். பங்குனியில் காய வைத்தது. மழைக்காலத்தில் தரையில் வைத்தால் ஈரம் ஏறிக் கறுத்துவிடும், கறுத்தால் பாதி விலைகூடக் கிடைக்காது. எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டேன்.

"தீவாளி கழியட்டும் தாயி, வெல ஏறும்ங்கிறாக."

மகன் வெளித் திண்ணையில் படுப்பதாக ஒத்துக்கொண்டார். திண்ணை ஒன்றரை அடி உயரம் இருக்கும். அக்கா டார்ச்சை அடித்துத் திண்ணைக்கு அடியில் இருந்த விறகை அப்புறப்படுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு சுள்ளியை எடுக்கக் குனிந்தேன். "கைய விடாதீங்க பாப்பா, கம்பால தள்ளுங்க" என்றார்.