நான் ஃபயர்ஃபாக்ஸை விடாதிருப்பது ஏன்?

தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் ஒரே மடிக்கணினியை அம்மாவும் தம்பியும் நானும் பகிர்ந்துகொள்கிறோம். அதில் நாங்கள் பயன்படுத்தும் உலாவி ஃபயர்ஃபாக்ஸ். குரோம், எட்ஜ், ஓப்பரா ஆகியவை பெயரில் வேறுபட்டாலும் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் இயங்குபவை; 2020-இல் மைக்ரோசாஃப்ட்டும் எட்ஜை அதற்கே மாற்றிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸோ கெக்கோ என்னும் தன் சொந்தப் பொறியில், அதாவது இணையப் பக்கங்களைத் திரையில் காட்டும் மென்பொருளில், இயங்குகிறது. இணையம் முழுவதும் ஒரே பொறிக்கு ஏற்ப எழுதப்படும் நிலை வந்துவிடக் கூடாது என்று நான் உண்மையாகவே அஞ்சுவதால், இந்த வேறுபாட்டை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன்.

தளங்கள் நம் கணினியில் சேமித்துவைக்கும் சிறு தகவல் கோப்புகளே குக்கீகள். ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனியே அடைத்துவைக்கும் பாதுகாப்பு, 2022 முதல் ஃபயர்ஃபாக்ஸின் கணினிப் பதிப்பில் இயல்பாகவே இயங்குகிறது. ஆகவே அம்மா ஒரு கடையின் தளத்தில் புடவை பார்த்ததை, வேறு தளங்களில் இடம்பெற்றிருக்கும் விளம்பர நிறுவனம் குக்கீ வழியாகப் பின்தொடர முடிவதில்லை. விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) ஆண்ட்ராய்டு கைபேசியின் ஃபயர்ஃபாக்ஸிலும் வேலை செய்கிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருக்கும் நேரத்தில் செய்தி படிக்கும் எனக்கு, அதனால் மிச்சமாகும் டேட்டா சிறிதன்று. சில தளங்கள் குரோமில் விரைவாகத் திறப்பதை மறுக்க மாட்டேன். இடைமுகம் தமிழிலும் கிடைப்பதால், அம்மா அமைப்புகளைத் தாமே படித்து மாற்றிக்கொள்கிறார்.