மலக்குடல் ஆபரேஷனுக்கு அப்புறம் சிறுநீரும் தாம்பத்தியமும்: ஒரு பெண்ணின் அனுபவம்

மலக்குடல் கேன்சருக்கு ஆபரேஷன் ஆன பெண்களுக்காக, ஆகப்போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டோமா பையை (வயிற்றில் போட்ட துவாரம் வழியாக மலம் வந்து சேரும் பை) எப்படி ஒட்டுவது, என்ன சாப்பிடலாம், கீமோவில் உள்ளங்கை எரிந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் யாராவது சொல்லிவிடுகிறார்கள். சிறுநீர் பற்றியும் கணவன் மனைவி உறவு பற்றியும் நாமாக வாய் திறந்தால்தான் உண்டு.

எனக்குக் கட்டி இருந்தது மலக்குடலின் கீழ்ப்பகுதியில். வீடு செம்பூரில், சிகிச்சையும் மும்பையிலேயே. முதலில் வாரக்கணக்கில் ரேடியேஷன், கூடவே கீமோ மாத்திரை, கொஞ்சம் இடைவெளி விட்டு ஆபரேஷன், வயிற்றில் தற்காலிகப் பை. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கிய அன்று ஒரு திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆண் நோயாளியிடம் டாக்டர் பொறுமையாக விளக்கியது எனக்கு நன்றாகக் கேட்டது: விறைப்பு குறையலாம், விந்து வெளியே வராமல் போகலாம், குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே விந்தணுவைச் சேமித்து வைக்கலாம். என் முறை வந்தபோது, எனக்கு என்ன ஆகும் என்று நானே கேட்டேன். "உங்களுக்குத்தான் ரெண்டு குழந்தைங்க இருக்காங்களே" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

விஷயம் இதுதான். சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் போகிற நரம்புகள் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் மலக்குடலை ஒட்டியே ஓடுகின்றன. மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்து, அதை மூடியிருக்கும் உறை கிழியாமல் முழுசாக எடுக்கும் முறையை பிரிட்டனைச் சேர்ந்த பில் ஹீல்ட் என்ற அறுவை மருத்துவர் 1982-ல் விவரித்தார். அந்த முறையில் அதே இடத்தில் கேன்சர் திரும்ப வருவது குறைந்தது, நரம்புகளைக் கண்ணால் பார்த்துக் காப்பாற்றவும் வழி கிடைத்தது. ஆனாலும் கட்டி கீழே இருந்தால் நரம்பு இழுபடும், வீங்கும், சில நேரம் அறுபடவும் செய்யும். போதாததற்கு ரேடியேஷன் வேறு.

ஆபரேஷனுக்காகச் சிறுநீர்ப்பையில் விட்டிருந்த கதீட்டரை, அதாவது சிறுநீர் வடியும் மெல்லிய குழாயை, எடுத்தவுடன் அளவுக் குவளையில் சிறுநீர் போகச் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, முன்னால் குனிந்து, எப்படி எப்படியோ உட்கார்ந்து பார்த்தேன், சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஸ்கேன் பண்ணினால் உள்ளே சிறுநீர்ப்பை நிறைய நிற்கிறது, எனக்கோ முட்டுகிற உணர்வே இல்லை. கதீட்டரைத் திரும்பப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள், அடுத்த முறை எடுத்தபோதும் அதே கதைதான். அப்போதுதான் நானே கதீட்டர் விட்டுச் சிறுநீரை எடுப்பதை ஸ்டோமா சிஸ்டர் கற்றுக்கொடுத்தார். கோட்டயத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "அக்கா, முட்டும்னு காத்திருக்காதீங்க, மணியைப் பாருங்க" என்றார். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது.

பயந்த அளவுக்கு இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காலை அகட்டி உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டால் துவாரம் தெரியும், யோனிக்குச் சற்று மேலே. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குட்டை, ஜெல் தடவி மெதுவாக விட்டால் சில சென்டிமீட்டரிலேயே சிறுநீர் வந்துவிடும். கொஞ்ச நாளில் கண்ணாடியே வேண்டாம், விரலே இடத்தைச் சொல்லிவிடும். கஷ்டம் வெளியே போகும்போதுதான். லோக்கல் டிரெயினில் டாய்லெட் கிடையாது, வி.டி. ஸ்டேஷன் வரை போய் வர வேண்டுமென்றால் வீட்டிலேயே காலி பண்ணிவிட்டு, ஒரு ஜிப் பையில் கதீட்டர், ஜெல், டிஷ்யூ எல்லாம் வைத்துக்கொண்டு, ஆபீஸ் டாய்லெட் எப்போது காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போவேன். இதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடாதீர்கள், இன்ஃபெக்ஷன் வந்துவிடும். குளிர் ஜுரம், எரிச்சல், சிறுநீரில் ரத்தம் இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மாதங்கள் போகப் போக எனக்குத் தானாகப் போவது கூடியது, போன பிறகு உள்ளே தங்குவது தொடர்ந்து 100 மில்லிக்குக் கீழே இருக்கிறது என்று பார்த்த பிறகு நிறுத்தச் சொன்னார்கள். எல்லோருக்கும் இப்படித் திரும்பும் என்று சொல்ல மாட்டேன், நரம்பு தேற ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம்.

அடுத்தது தாம்பத்தியம். ரேடியேஷனில் சினைப்பை செயலிழந்து மாதவிலக்கு சட்டென்று நின்றது. உடம்பெல்லாம் திகுதிகு என்று எரியும், ராத்திரியில் வியர்வை. பையை எடுத்து வயிற்றுத் துவாரத்தை மூடிய பிறகு ஒருநாள் நெருங்கினோம், கத்தியால் கீறியது போல் வலி. இவர் பதறிப்போய் விலகிவிட்டார். அப்புறம் பல நாள் தொடவே பயந்தார், எனக்கோ அந்தப் பையையும் இந்தத் தழும்பையும் பார்த்து அருவருப்பாகிவிட்டதோ என்று நினைப்பு. ஒரு ராத்திரி நேராகவே கேட்டுவிட்டேன். "உனக்கு வலிச்சிடுமோன்னுதான்டி" என்று சொல்லிவிட்டு அழுதார். அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினோம்.

மாட்டுங்காவில் ஒரு மகப்பேறு டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனோம். ரேடியேஷன் பட்ட யோனிச் சுவர் காய்ந்து சுருங்கும், சில இடங்களில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும், ரேடியேஷன் முடிந்த சில வாரங்களிலேயே டைலேட்டர் (யோனி சுருங்காமல் இருக்க உள்ளே விடும் வழவழப்பான குழல்) ஆரம்பித்திருக்கலாமே என்றார். யாராவது சொல்லியிருந்தால்தானே! வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, சின்ன அளவில் தொடங்கி, சில நிமிஷங்கள். மலக்குடல் கேன்சர் மார்பகக் கேன்சர் மாதிரி ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்வதில்லை என்று சொல்லி, என் கேன்சர் டாக்டரிடமும் கேட்டுவிட்டு, உள்ளே தடவ ஈஸ்ட்ரோஜன் கிரீம் கொடுத்தார். உறவுக்குத் தண்ணீர் சார்ந்த ஜெல். ஆணுறை உபயோகித்தால் தேங்காய் எண்ணெய் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். வலி முக்கால்வாசி போய்விட்டது. ஆசை மெதுவாகத்தான் வருகிறது, முன்பிருந்த உணர்ச்சி முழுசாக இல்லை, அவசரமும் படுவதில்லை.

இருமினால், கனமாக எதையாவது தூக்கினால் சொட்டுக் கசிவது மட்டும் நிற்கவில்லை. அடுத்த செக்கப்பில் இடுப்புத்தசைப் பயிற்சிக்கு ஒரு பெண் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கப்போகிறேன், இவரும் உள்ளே வருகிறேன் என்றிருக்கிறார்.