கல்லூரி நூலகரின் முதல் மாநாடு

இந்திய நூலகச் சங்கம், இயாஸ்லிக் போன்ற நூலகர் அமைப்புகளின் மாநாடு, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் காலிபர் மாநாடு என எதற்குப் போனாலும், முதல் வேலை கட்டுரை எழுதுவது அல்ல; கல்லூரி முதல்வருக்கு விண்ணப்பம் கொடுப்பது. மாநாட்டு நாட்களுக்கு மட்டும் ஓ.டி. (பணி நிமித்த அனுமதி) கேட்டால் பயண நாட்கள் தற்செயல் விடுப்பில் கழிந்துவிடும். ஆகவே கிளம்பும் நாள், திரும்பும் நாள் இரண்டையும் எழுதுங்கள். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கட்டுரை ஏற்புக் கடிதம் அதற்குள் வராமலும் போகலாம். கடிதத்துக்காகக் காத்திராமல் டிக்கெட் போட்டுவிடுவதே நல்லது.

கட்டுரை அனுப்பும் முன், பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஒப்புமைச் சோதனை செய்துவிடுங்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. மேற்கோளும் நூற்பட்டியலும் கணக்கில் சேராது. நூலகவியல் கட்டுரைகள் பெரும்பாலும் முன்னுரையில்தான் மாட்டுகின்றன. இந்திய நூலகவியலின் முன்னோடி ரங்கநாதனின் ஐந்து விதிகளையும் டிஜிட்டல் யுகத்தையும் எல்லோரும் ஒரே சொற்களில் எழுதுகிறோம். கேட்க வருபவர்களுக்கு ஐந்து விதிகளும் மனப்பாடம் என்பதால் அந்தப் பத்தியையே எடுத்துவிடலாம். இணை ஆசிரியர் தனியாகக் கட்டணம் கட்டிப் பதிவு செய்தாரா என்றும் பாருங்கள். பல மாநாடுகளில் பதிவு செய்யாதவருக்குச் சான்றிதழ் கிடையாது.

கட்டுரை வாசிக்கப் பத்து நிமிடம் என்று சொல்லியிருப்பார்கள். தொடக்க விழா நீண்டால் அது ஐந்தாகக் குறையும். எட்டு ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். முடிவைச் சொல்லும் ஸ்லைடு இரண்டாவதாகவே வரட்டும். தமிழ் எழுத்து இருந்தால் பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி வேண்டும். அரங்கின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும்.

இதையெல்லாம்விட முக்கியம், உங்கள் நூலகத்தில் தீராமல் கிடக்கும் ஒரே ஒரு சிக்கலை எழுதி எடுத்துப்போவது. நூலக மென்பொருளான கோஹாவைப் பற்றி, 'கோஹாவில் தமிழ்த் தேடல் சரியில்லை' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 'ஸ்ரீரங்கம்' என்று தேடினால் பாதிப் புத்தகங்கள் மட்டும் வருகின்றன என்று இரண்டு பதிவுகளைக் காட்டிக் கேளுங்கள். தெரிந்தவர் உடனே காரணம் சொல்வார்: யூனிகோடில் 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக உள்ளிடலாம். ஒன்று 'ஸ'வில் தொடங்கும், மற்றது 'ஶ'வில். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடுபொறிக்கு அவை வேறு வேறு சொற்கள். கோஹாவின் தேடுபொறியான ஸீப்ராவை, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யு. முறைக்கு மாற்றினால் தமிழ்த் தேடல் பொதுவாகச் சீராகும், ஆனால் இந்த ஒன்று மட்டும் அப்படியே இருக்கும். நூல் பதிவுகளை மொத்தமாகத் திருத்த உதவும் கோஹாவின் மார்க் மாடிஃபிகேஷன் டெம்ப்ளேட் வைத்து எல்லாப் பதிவுகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி இன்டெக்ஸ் செய்ய வேண்டும். இப்படிப்பட்ட பதில் மேடையிலிருந்து அரிதாகத்தான் கிடைக்கும். அதற்குத் தேநீர் இடைவேளையும் மதியச் சாப்பாட்டு வரிசையும்தான் இடம். உங்கள் ஊர்க்காரர்களோடு மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஸ்டால்களில் பையும் பேனாவும் தருவார்கள், வாங்கிக்கொள்ளலாம். மின்னிதழ்ச் சந்தாவுக்கு விலை பேசும் முன் கேட்க வேண்டியவை: சந்தாவை நிறுத்தினால், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் திறக்குமா? பயன்பாட்டு அறிக்கை கவுன்டர் தரத்தில் (பயன்பாட்டை எண்ணுவதற்கான சர்வதேசப் பொதுத் தரம்) வருமா? விலை டாலரிலா ரூபாயிலா, ஜி.எஸ்.டி. சேர்த்தா? அரசுக் கல்லூரி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் இதழ்கள் இருக்கின்றன. அங்கே கிடைப்பதற்கு இங்கே மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை. தனியார் கல்லூரிகள் அத்திட்டத்தின் முதல் கட்டத்தில் இல்லை.

சான்றிதழ் பெரும்பாலும் நிறைவு விழாவில்தான் கைக்கு வரும். மதிய ரயிலுக்கு டிக்கெட் போட்டவர்கள் அதை அஞ்சலில் வாங்க மாதக்கணக்கில் அலைகிறார்கள். வருகைச் சான்றிதழ் வேறு, கட்டுரை வாசித்த சான்றிதழ் வேறு, ஓ.டி.க்கு முன்னது, பதவி உயர்வுக் கோப்புக்குப் பின்னது. மேசையை விட்டு நகரும் முன் பெயர், தலைப்பெழுத்து, கல்லூரிப் பெயர், தேதி எல்லாம் சரியா என்று வாசித்துப் பாருங்கள். கட்டண ரசீது கல்லூரி பெயரில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிட்டால், பயணப்படி பில் கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வராது.