காசு கொடுத்துக் குள்ளமாக்கிய கார்

"ஏண்டி, காசு கொடுத்து யாராவது காரைக் குள்ளமாக்குவாங்களா?"

கேட்டுவிட்டு, ஒரு கையால் கதவைப் பிடித்து, இன்னொரு கையை என் தோளில் ஊன்றி, "முருகா" என்று அம்மா சீட்டில் விழுந்தார். உட்காரவில்லை, விழுந்தார். 2021 டிசம்பர். முந்தின நாள்தான் என் ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் உயரத்தை 40 மில்லிமீட்டர் இறக்கி எடுத்து வந்திருந்தேன். பெங்களூரு விவேக்நகரில் எங்கள் வீட்டு வாசலில் அது நின்ற அழகை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்தாகிவிட்டது. வாட்ச்மேன் மட்டும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மேடம், நாலும் பஞ்சரா?" என்றார்.

கார் 2014 மாடல் ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். 2019-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் டயருக்கும் அதன் மேல் வளைகிற ஃபெண்டர் தகட்டுக்கும் நடுவில் நாலு விரல் தாராளமாகப் போகும். நம் ஊர் ரோட்டுக்காக உயரத்தைத் தூக்கி விற்ற வண்டி. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் நிற்கிறவர் மாதிரி இருக்கும். எனக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான் காரணம். "ஹேண்ட்லிங்குக்காக" என்று வீட்டில் சொன்னேன், அது பொய்.

முதலில் போன இடத்தில் ஒரு பையன் கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டே, "ஒரு சுத்து வெட்டிடலாம் மேடம், ஸ்பிரிங் வாங்கவே வேண்டாம்" என்றான். நல்லவேளை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. சுருள் வில்லில் ஒரு சுற்றைக் குறைத்தால் மிச்சமிருப்பது இறுகும். ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கை ஐந்தாக்கினால் 20 சதவீதம் இறுக்கம் கூடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெட்டின முனை அதன் தட்டில் ஒழுங்காக உட்காராது என்பதுதான் பயம். சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று, திரும்பி வரும்போது வேறெங்காவது உட்காரும். தப்பித்து வந்து, வேறொரு கடையில் 40 மில்லிமீட்டர் இறக்குகிற ஸ்பிரிங் செட் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிற ஷாக் அப்சார்பரை மாற்றவில்லை. "ஷாக் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார்கள். வண்டி அப்போது 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நானும் நம்பினேன், நம்பினால் 40,000 ரூபாய் மிச்சம் இல்லையா?

முதல் வாரம் தேன் மாதிரிதான் போனது. அப்புறம் ஹம்ப்ஸ், அதாவது வேகத்தடை, ஆரம்பித்தது.

எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன், டைல்ஸ் வேலையில் மிஞ்சிய கான்கிரீட்டை வீணாக்க மனமில்லாமல் கேட் பக்கத்தில் ஒரு ஹம்ப் போட்டிருந்தது. 14 சென்டிமீட்டர் உயரம். வண்டி போகிற வாக்கில் 60 சென்டிமீட்டர் நீளம். அடுப்புக்கட்டி மாதிரி. டேப்பை வைத்து நானே அளந்தேன். அளந்துவிட்டு, முறைப்படி எப்படி இருக்க வேண்டும் என்று தேடினேன். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற நெடுஞ்சாலைப் பொறியாளர் அமைப்பின் ஐ.ஆர்.சி. 99 விதியின் 1988 பதிப்பு, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிற ஹம்ப்புக்கு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் நீளம், 17 மீட்டர் ஆரம் என்றது. அதாவது முழுக் காரையும் தாங்குகிற நீளத்தில் ஒரு மெல்லிய வளைவு. போலோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பேப்பரில் வரைந்து கணக்குப் போட்டால், அப்படிப்பட்ட ஹம்ப்பின் மேல் கார் நிற்கும்போது வயிற்றுக்கடியில் நாலரை சென்டிமீட்டர்தான் குறைகிறது. என் இறக்கின கார்கூட அசால்டாகத் தாண்டும். அசோசியேஷன் ஹம்ப்பிலோ முன் சக்கரம் இறங்கியதும் முழு 14 சென்டிமீட்டரும் வயிற்றுக்கு நேராக வந்து நிற்கும். நான் தனியாகப் போனால் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கித் தப்பித்துவிடுவேன். பின்னால் அக்காவும் பிள்ளைகளும் ஏறினால் "கர்ர்ர்". அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்ஜினுக்கடியில் இருக்கிற ஆயில் சேம்பரை நினைத்து என் வயிற்றில்தான் உராய்ந்தது.

சத்தத்தைக்கூடச் சகித்துக்கொண்டேன். சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போகிற மேம்பாலத்தைத்தான் சகிக்க முடியவில்லை. ஏறக்குறைய 10 கிலோமீட்டர். தினமும் ஆபீஸுக்குப் போகவும் வரவும் அதுதான். ஒவ்வொரு இணைப்பிலும் "டொக்... டொக்... டொக்". முன்பெல்லாம் காதுக்கு மட்டும் கேட்டது இப்போது முதுகுத்தண்டுக்குப் போனது. அடித்து முடித்த பிறகும் கார் ரெண்டு மூன்று தரம் துள்ளும். இறுக்கமான ஸ்பிரிங் என்றால் இப்படித்தான் போல என்று பல மாதம் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ரேஸ் காரும் இப்படித்தான் இருக்கும், நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்று.

அப்போதுதான் ஒரு பழைய வித்தையைச் செய்து பார்த்தேன். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. ஷாக்கின் பளபளப்பான ராடைச் சுற்றிக் கம்ப்யூட்டர் ஒயர் கட்டுகிற கேபிள் டை ஒன்றை இறுக்கிக் கட்ட வேண்டும். தூசி மூடுகிற ரப்பர் உறையை மேலே தள்ளிக் கட்டி, டையைக் கீழே ஷாக் உடம்பு வரை இறக்கி வைத்துவிட்டு வண்டியை ஓட்ட வேண்டும். ஷாக் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் டை ராடில் மேலே ஏறி, அங்கேயே நின்றுவிடும். வேகமாகக்கூட ஓட்டவில்லை, ஈஜிபுரா வழியாக ஒரு சுற்று. திரும்பி வந்து குனிந்து பார்த்தால் டை, ஷாக் முழுசாக அமுங்கும்போது கடைசி அடியை வாங்குகிற பம்ப் ஸ்டாப் ரப்பருக்குள் புதைந்து நசுங்கியிருந்தது. வண்டி சும்மா நிற்கும்போதே அந்த ரப்பருக்கு முன்னால் இரண்டு விரல் இடம் இல்லை.

அதாவது, நான் இத்தனை மாதம் ஸ்பிரிங்கில் ஓடவில்லை. ரப்பரில் ஓடியிருக்கிறேன். கம்பெனி ஷாக்குக்கு அமுங்க இருந்த இடத்தில் பாதிக்கு மேல் ஸ்பிரிங் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சத்தில் ஒரு சின்னப் பள்ளம் வந்தாலும் பம்ப் ஸ்டாப்தான் அடி வாங்குகிறது. அதைப் போய் ரேஸ் கார் என்று நினைத்தேன் பாருங்கள்.

வில்சன் கார்டனில் ஒரு கார் மெக்கானிக் மேஸ்திரி இருக்கிறார். குடியாத்தம் பக்கம் சொந்த ஊர். ஐந்து வயதில் பெங்களூரு வந்தவர். ஹெல்பரிடம் உருது, போன் வந்தால் கன்னடம், என்னைப் பார்த்தால் தமிழ். ஜெர்மன் வண்டியென்றால் கொஞ்சம் அதிகமாகவே பாசம். நான் வாங்கவிருந்த புது ஷாக்கின் விலை எல்லாம் சொல்லி முடித்ததும் கேட்டார்: "இருக்கிற வீட்டுக்கே கூரை ஒழுகுது, அதுக்குள்ள மாடி கட்டப் போறியா மா? முதல்ல பழைய ஸ்பிரிங்கைப் போடு. புஷ், டாப் மவுண்ட் எல்லாம் புதுசு போடு. ரெண்டு வாரம் ஓட்டு. அப்புறம் பேசலாம்." புஷ் என்பது மூட்டுகளில் இருக்கிற ரப்பர், டாப் மவுண்ட் என்பது ஷாக்கின் தலையில் இருக்கிற ரப்பர்.

ஒரு சனிக்கிழமை முழுக்க ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். போலோவில் முன்பக்க ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்), சக்கரத்தைத் தாங்குகிற வார்ப்பு இரும்பின் வளையத்துக்குள் சொருகி, ஒரே ஒரு போல்ட்டால் கவ்வியிருக்கும். போல்ட்டைக் கழற்றினாலும் வராது. இத்தனை வருடத் துரு விடாது. வளையத்தின் பின்னால் ஒரு குறுகிய பிளவு இருக்கும். அதை விரிக்கத் தனியாக ஒரு டூல் உண்டு. மேஸ்திரியிடம் இருந்தது அவரே செய்தது: எட்டு மில்லிமீட்டர் ஆலன் பிட்டின் இரண்டு பக்கத்தைக் கிரைண்டரில் தேய்த்து ஐந்தரையாக்கி வைத்திருக்கிறார். ஒல்லியான வாக்கில் பிளவுக்குள் சொருகி, கால் சுற்றுத் திருப்பினார். தடித்த வாக்கு குறுக்கே திரும்பியதும் இரும்பு "டிக்" என்று ஒரு மயிரிழை வாய் திறந்தது. சக்கரத்தைக் காரின் அடியோடு இணைக்கிற லோயர் ஆர்மை மிதித்து இறக்கியதும், ஸ்ட்ரட் வெண்ணெயில் இருந்து கத்தி வருவது போல வந்தது. அந்த "டிக்" சத்தத்துக்காகவே இன்னொரு தரம் போகலாம்.

கழற்றின டாப் மவுண்ட்டைக் கையில் கொடுத்தார். ரப்பர் ஆறிப்போன ஊத்தப்பம் மாதிரி நடுவில் வெடித்துக் கிடந்தது. லோயர் ஆர்மின் பின் புஷ்ஷில் என் சுண்டு விரல் நகம் போனது. "ஷாக் நல்லாத்தான் இருக்கு" என்ற ஷாக்கைக் கவிழ்த்து நிறுத்தி ஒரு அமுக்கு அமுக்கினார். போனது போனபடியே இருந்தது, திரும்பவே இல்லை. எனக்குப் பேச்சு வரவில்லை.

புது புஷ்ஷை மாட்டியதும் ஹெல்பர் பையன் போல்ட்டை முறுக்கப் போனான். மேஸ்திரி தடுத்தார். சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்முக்கடியில் ஜாக் வைத்து, காரின் பாரம் அதில் இறங்கும்வரை தூக்கி, அப்புறம்தான் முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால், கீழே இறக்கின நொடியிலிருந்து ரப்பர் திருகிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். அவர் சொன்னது: "நின்னு கட்ற வேட்டியை உட்கார்ந்துக்கிட்டு கட்டினா, எழுந்ததும் என்ன ஆகும்?"

பழைய உயரத்துக்குத் திரும்பிய காரை, கம்பெனி அளவிலேயே சாதாரண புது ஷாக்குடன், அவர் சொன்னபடி ரெண்டு வாரம் ஓட்டினேன். மேம்பாலத்தில் டொக் போய் "தப்" ஆனது. ஸ்டீயரிங் லேசாகத் திருப்பினாலே மூக்கு திரும்பியது. இத்தனை நாள் தாழ்த்துவதால் கிடைக்கும் என்று நான் கனவு கண்டதில் பாதிக்கு மேல் 12,000 ரூபாய் புஷ்ஷிலும் மவுண்ட்டிலும் இருந்திருக்கிறது. இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இந்த மாதிரி ஸ்ட்ரட் வண்டியில் ரொம்ப இறக்கினால், வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டிய லோயர் ஆர்ம் மேல்நோக்கி நிமிர்ந்துவிடும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். அதனால் இறக்கின கார், ஸ்பிரிங் இறுக்கமாக இல்லாவிட்டால், வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயத்தான் பார்க்கும். போட்டோவில் இது தெரியாது. டயரின் உள் ஓரம் வழுக்கையானதும் போட்டோவில் தெரியவில்லை; உயரம் மாறினதும் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம், மாறும், நான் அலைன்மென்ட் பார்க்காமல் 6,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன்.

அதோடு நின்றிருந்தால் இது நல்ல பெண்ணின் கதை. நான் நிற்கவில்லை. அந்த நாலு விரல் இடைவெளி மறுபடி உறுத்த ஆரம்பித்தது. இந்த முறை 25 மில்லிமீட்டர் இறக்குகிற ஸ்பிரிங், அதற்கென்றே குட்டையாகச் செய்த ஷாக். பில்ஸ்டைன் என்ற ஷாக் கம்பெனியில் ஒரிஜினல் உயரத்துக்கு பி6, இறக்கின வண்டிக்கு பி8 என்று தனித்தனியாக விற்பது இதற்காகத்தான். விலையைப் பார்த்து நான் ஒரு படி கீழே இறங்கி வேறொன்று வாங்கினேன். ஜே.சி. ரோட்டில் பம்ப் ஸ்டாப்பும் டஸ்ட் கவரும் புதுசு. மாட்டி முடித்ததும் அலைன்மென்ட். பின்பக்கம் ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பீம் என்பதால் அங்கே சரி செய்ய எதுவும் இல்லை. ஹெட்லைட்டின் ஏற்ற இறக்கத்தையும் பார்த்தாயிற்று. கேபிள் டை மறுபடி கட்டினேன். ரப்பரைத் தொட்டது, புதையவில்லை.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. 25 மில்லிமீட்டர் அதில் வருமா வராதா என்று வக்கீலிடம் வாதாடலாம். டோல்கேட்டில் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் கம்பெனி ஸ்பிரிங் நாலையும் துணி சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

போன கார்த்திகைக்கு முன்னால் திருவண்ணாமலை போனோம். ஓசூர், கிருஷ்ணகிரி, செங்கம். காரில் நாலு பேர், டிக்கியில் இட்லி, புளியோதரை, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். ஒரு இடத்தில்கூட அடி தட்டவில்லை. அசோசியேஷன் ஹம்ப்பில் மட்டும் பிள்ளைகளை இறங்கி நடக்கச் சொன்னேன். அம்மா அதற்குள் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: முதலில் சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுப்பது. "இப்ப பரவாயில்லை, ஆனா உயரமா ஒரு கார் வாங்கிடு" என்றார்.

அந்தப் பழைய 40 மில்லிமீட்டர் ஸ்பிரிங்குகளை விற்க எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பின்பக்க ஸ்பிரிங் ஒன்று பால்கனியில் மண்பானைக்குப் பிரிமணையாகிவிட்டது. அம்மாதான் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, ஆடவே இல்லை. மீதி மூன்று இருக்கின்றன. பானை வைத்திருப்பவர்கள் யாராவது வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம்.