எடை குறையாத எலிகள்

லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவை வாய்வழியாகக் கொடுத்து வந்தால் இன்ஃபுளுயன்சாவின் கடுமை குறையுமா என்று சுண்டெலிகளில் பார்ப்பதுதான் என் வேலை. கேள்வி ஒரே வரி. பதில் கிடைப்பதற்குள் மூன்று சுற்று ஓடிவிட்டது.

முதல் சுற்று சொதப்பல். 40 மைக்ரோலிட்டர் வைரஸ் கரைசலை மூக்கில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாவம் பார்த்து மயக்க மருந்தைக் குறைத்துக் கொடுத்தேன். எலிகள் தும்மின, மீதியை விழுங்கின. நோய் வந்தால் எலி இளைக்கும். நான்காம் நாள் எடை பார்த்தால் பாக்டீரியா கொடுக்காத கன்ட்ரோல் எலிகளும் கொழுகொழுவென்று இருந்தன. நோயே வராதபோது எதிலிருந்து பாதுகாப்பு? மயக்கம் சரியாக இருந்தால் மூச்சு நிதானமாகும். மூக்கு நுனியில் நிற்கும் சொட்டு மூச்சோடு உள்ளே போய் மறைவது கண்ணுக்கே தெரியும்.

இரண்டாம் சுற்றில் வேறு வம்பு. கூண்டுக்குக் கூண்டு வித்தியாசம் வரக்கூடாதே என்று இரண்டு குழு எலிகளையும் ஒன்றாகப் போட்டிருந்தேன். எலிகள் புழுக்கையைத் தின்னும், அடுத்த எலியுடையதையும். படித்த விஷயம்தான், அன்றைக்கு மறந்துபோனது. சந்தேகம் வந்து கன்ட்ரோல் எலிகளின் புழுக்கையைச் சோதித்தேன். எலிக் குடலில் லாக்டோபேசில்லஸ் ஏற்கெனவே இருக்கும் என்பதால் அதை வளர்க்கும் ஊடகமான எம்ஆர்எஸ் அகரில் வளர்வதை மட்டும் நம்ப முடியாது. டிஎன்ஏவை வைத்து ரகத்தைக் கண்டறியும் பிசிஆர் சோதனை போட்டதும் நான் கொடுத்த அதே ரகம் என்று உறுதியானது. அதன்பிறகு குழுக்களைப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் பல கூண்டுகளில் வைத்தேன்.

மூன்றாம் சுற்றில் எது எந்தக் குழு என்று தெரியாத ஒருவர்தான் தினமும் எடை பார்த்தார். எடை 20 சதவீதம் குறைந்தால் வலியின்றி முடித்துவிட வேண்டும் என்பது நெறிமுறைக் குழு விதி. இரண்டு கன்ட்ரோல் எலிகளை அப்படி இழந்தோம். பாக்டீரியா தின்றவை குறைவாகவே இளைத்தன. ஆனால் நுரையீரலை அரைத்து, ஆய்வகத்தில் வளர்க்கும் எம்டிசிகே செல்களில் வைரஸ் உண்டாக்கும் ஓட்டைகளை (பிளாக்) எண்ணியபோது வைரஸ் அளவில் பெரிய வித்தியாசமில்லை. அப்படியானால் வைரஸை அது தடுக்கவில்லை, அழற்சியைத்தான் அடக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சூடாக்கிக் கொன்ற பாக்டீரியாவும் எலிகளில் பலன் தந்ததாக ஆய்வுகள் உண்டு. நான் அந்தக் குழுவைச் சேர்க்கவே இல்லை. அதற்கான அனுமதி விண்ணப்பத்தைத்தான் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.