மிஸ் அடிக்கிற பழைய பிக்கப்பும் வெளுத்துப்போன பெயின்ட்டும்

"நாலு நாசிலும் மாத்தியாச்சுங்க, இன்னும் மிஸ் அடிக்குதுங்க." டீசல் பம்ப் கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மிஸ் என்றால் சிலிண்டரில் டீசல் சரியாக எரியாமல் இன்ஜின் தடுமாறுவது; நாசில் என்றால் இன்ஜெக்டரின் நுனியில் டீசலைத் தெளிக்கும் பாகம். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்காமலே நாலையும் கழற்றியிருப்பார்கள். மூன்று நாசிலுக்குக் கொடுத்த காசு வீண்.

இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் வண்டிகளுக்கு. பழைய பொலேரோ டிஐ பிக்கப், 2005-ல் வந்த 702 சிசி ரெண்டு சிலிண்டர் டாடா ஏஸ், அந்த வகையறா. காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் புது வகை) வண்டியாக இருந்தால், ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தொடவே தொடாதீர்கள். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வரும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதற்கு ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போவதே சரி.

முதலில் மிஸ் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் வெள்ளைப் புகையோடு தட்டுத்தடுமாறிச் சூடானதும் சரியானால் ஹீட்டர் பிளக், இல்லையென்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படுவது) குறைவு. பண்ணாரி வரை ஒழுங்காக ஓடிவிட்டு, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவில் லோடோடு மூச்சு வாங்கினால் டீசல் ஃபில்டர் அடைப்பு. ஒரே தாளத்தில் 'டக்கு டக்கு' என்று அடித்தால் ஒரு சிலிண்டர் செத்திருக்கிறது. தாளமே இல்லாமல் விட்டுவிட்டு அடித்தால் லைனில் காற்று.

காற்றுதான் பலரை ஏமாற்றுவது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்து அனுப்பும் சின்ன பம்ப்) வரை டீசலை உறிஞ்சித்தான் எடுக்கிறது. அந்தப் பகுதியில் ஹோஸ் வெடித்திருந்தால் டீசல் வெளியே கசியாமல் காற்று மட்டும் உள்ளே போகும். கீழே ஒரு சொட்டுக்கூட இருக்காது, ஆனால் வண்டி மிஸ் அடிக்கும். ஃபீட் பம்ப்புக்கு முன்னால் அரை மீட்டர் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸை மாட்டி ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல்) ஓடவிட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஹோஸ், கிளிப், பான்ஜோ போல்ட்டின் (பைப்பை இணைக்கும் துளை போட்ட போல்ட்) செம்பு வாஷர் மூன்றையும் மாற்றிவிட்டு, ஃபில்டர் மேலுள்ள பிளீட் ஸ்குருவை (காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்தி, குமிழி நிற்கும் வரை பிரைமர் என்கிற கைப்பம்ப்பை அடியுங்கள்.

காற்று இல்லை என்று உறுதியான பிறகு சிலிண்டர் சோதனை. ஐடிலில் ஓடவிட்டு, ஒரு இன்ஜெக்டரின் பைப் நட்டை (பெரும்பாலும் 17 ஸ்பேனர்) துணி சுற்றி அரைச் சுற்று தளர்த்துங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையை நேரே நீட்டாதீர்கள். சத்தம் இறங்கி இன்ஜின் தள்ளாடினால் அந்த சிலிண்டர் நல்லது. மாற்றமே இல்லையென்றால் ஆள் அவன்தான். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

செத்த சிலிண்டர் தெரிந்ததும் புது நாசில் வாங்க ஓடாதீர்கள். அந்த இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ் கூடவே போனால் இன்ஜெக்டர்தான் குற்றவாளி, பம்ப் கடை டெஸ்டரில் காட்டுங்கள். திறக்கும் அழுத்தத்துக்கு 10 பார் கீழே வைத்துப் பிடித்தால் 10 விநாடிக்கு நுனியில் சொட்டு தொங்கக்கூடாது. மிஸ் அதே சிலிண்டரிலேயே நின்றால் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி, வால்வு, கம்ப்ரஷன், கடைசியாகப் பம்ப். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டரும் சேர்ந்து செத்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்கள்.

இன்ஜெக்டரைக் கழற்றும்போது அடியில் இருக்கும் செம்பு வாஷர் பல நேரம் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்க்காமல் அதன் மேல் புது வாஷரைப் போட்டு இறுக்கினால் ரெண்டு வாஷர் ஆகிவிடும். நுனி மேலே ஏறும், டீசல் தெளிக்கும் இடம் மாறும், நல்ல நாசிலும் புகை தள்ளும். வளைத்த கம்பியால் பழையதை எடுத்து, கரியைச் சுரண்டி, புது வாஷர் ஒன்றே ஒன்று.

பெட்ரோல், கேஸ் வண்டிக்குச் சுருக்கமாக ஒன்று. பெட்ரோலில் நன்றாக ஓடி கேஸில் மட்டும் மிஸ் அடித்தால் ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள். கேஸ் பற்ற அதிக வோல்ட் வேண்டும், தேய்ந்த பிளக் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

பெயின்ட்டில் கை வைப்பது இதற்குப் பிறகுதான். பாலிஷ் போட்ட வண்டியில் டீசல் பிளீட் செய்தால் செய்த வேலை போச்சு.

நம்ம பக்கத்து வெள்ளைப் பிக்கப்புக்கு முதல் எதிரி போர் தண்ணி. உப்புத் தண்ணியில் கழுவி வெயிலில் காயவிட்டால் வட்டவட்டமாகக் கறை ஏறிவிடும். நாமக்கல் பக்கம் கோழி வண்டிக்கு எச்சம் வேறு, அதிலுள்ள அமிலம் பெயின்ட்டைத் தின்னும். வெள்ளை வினிகரும் நல்ல தண்ணியும் சரிபாதி கலந்து, நிழலில், தகடு ஆறிய பிறகு துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து அலசுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணியோடு கிளே (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) தேயுங்கள். உள்ளங்கையால் தடவினால் வழவழவென்று இருக்கும் வரை.

பிறகு கறுப்புத் துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) தொட்டு ஓரத்தில் தேயுங்கள். துணியில் வெள்ளை ஏறினால் கிளியர் கோட் (மேலே பூசும் நிறமில்லாத பூச்சு) இல்லாத பழைய பெயின்ட், பாலிஷ் மெஷினில் மாட்டும் பேட் சீக்கிரம் அடைக்கும், பேனலுக்கு ஒருமுறை பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணணும். வெள்ளைத் துணியில் சோதித்தால் எதுவும் தெரியாது, அதிலும் சிலர் ஏமாறுகிறார்கள். பெயின்ட் கனம் அளக்கும் மைக்ரான் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயின்ட் சுமார் 100-லிருந்து 140 மைக்ரான் வரை காட்டும். 80-க்குக் கீழே இருந்தால் மெஷின் வேண்டாம். பல நூறு காட்டினால் உள்ளே பட்டி (நெளிசலை நிரப்பும் பூச்சு) இருக்கிறது.

பேனல் ஓரம், பாடி லைன், கறுப்பு பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். ஓரத்தில்தான் பெயின்ட் மெலிசு, மெஷின் பட்டதும் அடிப்பூச்சான பிரைமர் தெரிந்துவிடும். ஒன்றரை அடிச் சதுரமாகப் பிரித்து, நாலு சொட்டு காம்பவுண்ட், ரோட்டரி பாலிஷ் மெஷின் 1000-லிருந்து 1200 ஆர்பிஎம், குறுக்கும் நெடுக்குமாக நாலு முறை. புறங்கை வைத்தால் தாங்காத சூடு வந்தால் நிறுத்துங்கள். நகம் மாட்டுகிற கீறலை பாலிஷால் எடுக்க நினைக்காதீர்கள், அதற்கு டச்-அப்தான்.

வீல் ஆர்ச்சில் குமிழி எழும்பியிருந்தால் மேலே பூசி மூடுவது வேஸ்ட். பொட்டாஷ் உர மூட்டை ஏற்றுகிற வண்டியில் துரு உள்ளிருந்துதான் வரும். 80 நம்பர் தாளில் வெறும் தகடு வரை தேய்த்து, எபாக்ஸி பிரைமர், மெல்லிசாகப் பட்டி, பிறகு பெயின்ட். டயருக்கும் டேஷ்போர்டுக்கும் அடிக்கிற சிலிக்கான் பாலிஷை மட்டும் அன்றைக்குக் கிட்டவே கொண்டுவராதீர்கள். ஒரு துளி பட்டாலும் புது பெயின்ட் அந்த இடத்தில் பிடிக்காமல் மீன்கண் மாதிரி விலகி நிற்கும், மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.